கோப்பையில் பாதி

மயிலிட்டிச் சனசமூக நிலையத்தின்
காரை பெயர்ந்த சுவரில் ஆணி நிற்கவில்லை.
உணவுக் கூட்டங்கள் ஆறையும்
ஒரு கதிரையின் முதுகில் சாய்த்துவைத்தேன்.
கடற்காற்று வரும்போதெல்லாம்
பாலும் முட்டையும் குப்புற விழுந்தன.

பதினொரு குடும்பம்.
பலாலியில் இறங்கி இருபது நாள்.
சூட்கேசுப் பிடிகளில்
விமானத்தின் ஒட்டுத்தாள் இன்னும் கிழியவில்லை.
முப்பத்துமூன்று வருடம் கும்மிடிப்பூண்டியில்.
பெரியவர்கள் "திரும்பி வந்தம்" என்கிறார்கள்.
பிள்ளைகள் "வந்தோம்" என்று மட்டும்.

"கோப்பையில் பாதி மரக்கறி இருக்கவேணும்."
கையேட்டில் உள்ளதைத்தான் சொன்னேன்.
யோகமலர் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.
"டீ குடிக்கிற கோப்பையிலயா மிஸ்?
அவ்ளோ கம்மியாவா?"

சிரித்து முடிய ஐந்து நிமிடம் ஆனது.
தட்டு என்று திருத்தினேன்.
பிறகு விரல் வைத்த இடமெல்லாம் இரண்டு பெயர்.
நான் கச்சான் என்றேன், அவர்கள் வேர்க்கடலை.
குரக்கனுக்குக் கேழ்வரகு.
வத்தகப்பழத்தைக் காட்ட,
பூவிழி என்ற ஏழு வயது
"தர்பூசணி!" என்று கத்திவிட்டு
உதட்டை நக்கிக்கொண்டாள்.
ஒவ்வொரு படத்தின் கீழும்
மற்றப் பெயரைப் பேனாவால் எழுதினேன்.
திணைக்களத்துச் சொத்து, கிறுக்கக்கூடாது.
கிறுக்கினேன்.

முருங்கைக்கு மட்டும் இரண்டு கரையிலும் ஒரே பெயர்.
"வளவில ஒரு தடி நட்டுவிடுங்கோ" என்றேன்.
சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது,
இவர்களின் வளவு முட்கம்பிக்கு அந்தப் பக்கம்.
அருட்செல்வம் மட்டும் தினமும் போய்
கம்பியில் கை படாமல் நின்றுவிட்டு வருவாராம்.

சத்தம் போட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.
"சாப்பாட்டோட தேத்தண்ணி குடியாதேங்கோ.
இரும்புச்சத்து உடம்பில சேராது."
பின்வரிசையில் ஒரு தாய்,
மடியில் நகம் வெளுத்த குழந்தை:
"சாப்பாடு இல்லாத நேரத்துல குடிக்கலாமா?"
சரியான கேள்வி.
கையேட்டில் பதில் இல்லை.

அதற்குள் யோகமலர் அடுத்ததைக் கேட்டாள்.
"காலைல நீங்க என்ன சாப்பிட்டீங்க மிஸ்?"
இடியப்பம், சொதி என்று சொல்ல வாயெடுத்தேன்.
பூவிழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஒரு பிளேன்ரீ. ரெண்டு மாரி பிஸ்கற்."
ஸ்கூட்டியில் நின்றபடி தின்றது என்பதையும் சொன்னேன்.
மாரி பிஸ்கற்றை
ஆறு கூட்டத்தில் ஒருவரும் தேடவில்லை.

அவள் எழும்பி
துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள்.
கேழ்வரகு அடை.
கீரை அடர்ந்து, கச்சான் இடித்துப் போட்டது.
ஓரத்தில் பொரித்த சூடை மூன்று,
துறைமுகத்தில் வலை உதறுகிறவர்கள்
விற்காமல் விட்டது.
"கீரை எங்கால?"
குரலைத் தாழ்த்தினாள்.
"எங்க மரந்தான் மிஸ்.
ஒரு கிளை கம்பிக்கு வெளிய தொங்குது.
அவர் தூக்கிவிட, இவ எட்டிப் பறிச்சா."
பூவிழி கையை நீட்டிக் காட்டினாள்,
முழங்கைக்குக் கீழே இரண்டு சிவந்த கீறல்.

தின்றேன்.
பசி அவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது.
சூடையின் முள்ளைக்கூட மென்றுவிட்டேன்,
கல்சியம் என்று ஒரு சாட்டு.

அவர்கள் என் படத்தைத் தூக்கி நிறுத்தி
அடையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.
தானியம். கீரை. மீன். கச்சான்.
நான்கு விரல் மடங்கின.
சின்னவிரலும் கட்டைவிரலும்... இல்லை,
ஆறுக்கு ஒரு கை போதாது,
மற்றக் கையிலிருந்து ஒரு விரல் கடன் வாங்கினாள் பூவிழி.
"பழம் எங்க? பால் எங்க?"

படிவங்களை அடுக்கினேன்.
கதிரையை மடக்கினேன்.
"அதெல்லாம் அடுத்த மாதம்" என்றேன்,
ஏதோ நான்
கொண்டுவரப் போவதுபோல.