செல்லாது

மோல்மீன் அரிசி ஆலையில்
மூட்டை எண்ணியவர் சங்கிலிக்கருப்பன்.

சயாம் ரயிலுக்கு மண் சுமந்த கூலி
முழுக்க ஜப்பான் நோட்டு.
சண்டை முடிந்த வாரம்
அதைக் கொளுத்தித்தான் உலை வைத்தாள் மா எய்.

அறுபத்து நாலில்
நூறும் ஐம்பதும் செல்லாதென்றது ரேடியோ.
வரிசையில் நின்று முந்நூறு கொடுத்தார்.
ரசீது இன்னும் இருக்கிறது.
அந்த வருஷமே தம்பி கப்பலேறினான்.
ஆற்றுத்துறை வரை போனவர்
அவன் குடையை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

எண்பத்தேழில், எழுபத்தைந்து.
அன்றைக்குச் சிரித்தாராம்.
அப்புறம் எதையும் உப்பாகவே சேர்த்தார்,
ஜாடி ஜாடியாக.

தொண்ணூற்றிரண்டு வயதில் போனார்.
நெற்றிக்கு ஒரு காசு தேடினோம்.
நாணயம் புழங்காத ஊர்.
பெட்டியடியில் கிடந்த ஆலை வில்லையைத்
தேய்த்து வைத்தோம்,
எண் நூற்றுப்பதினாலு.
கொஞ்சம் பெரிது.
சரிந்துகொண்டே இருந்தது.