சிவப்பு இறங்கும்வரை

பால் வற்றிய றப்பர் பதினெட்டை
முறித்து விற்ற கையோடு
களியல் சரிவில் நாற்பது செண்டில்
செங்கொடுவேலி வைத்தேன்.
இடவப்பாதிக்கு முந்தின வாரம்.
மூன்று கணுத் தண்டு;
இரண்டு மண்ணுக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு.
தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்,
அதனால் வாரத்தை உயர்த்திக் கோரினேன்.
வேறு வித்தை ஒன்றுமில்லை.

பூத்தபோது
வழியே போனவர்கள் நின்று கேட்டார்கள்,
வீட்டு முன்னால் வைக்க ஒரு கம்பு.
பிள்ளைகள் இருக்கிற வீடு.
கொடுக்கவில்லை. கஞ்சி என்றார்கள்.

பதினாறாம் மாதம் கிளைத்தோம்.
விரல் தடிமனில் வேர்,
முறித்தால் மஞ்சளாய் ஒரு நீர்.
தோலில் பட்ட உடனே ஒன்றும் தெரியாது,
ஒன்றும் இல்லையென்றே தோன்றும்.
சாயங்காலம் எரியும், விடியக் கொப்புளிக்கும்.
முதல் நாளே என் முழங்கையில்
பழைய பத்துப் பைசா அளவுக்குத் தழும்பு.
பிறகுதான் எல்லோருக்கும்
தேங்காயெண்ணெய், அதன்மேல் கையுறை.

நறுக்கிச் சுண்ணாம்புத் தெளிவில் இட்டால்
நீர் சிவக்கும்.
இறுத்து, கழுவி, புதுத் தெளிவு.
மறுபடி சிவக்கும்.
இறுத்த நீருக்குக் கிணற்றைவிட்டுத் தள்ளி
தனியாய் ஒரு குழி.
நீர் நிறம் மாறாமல் நிற்கிற அன்றுதான்
அதற்கு மருந்து என்று பெயர்,
அதுவும் வைத்தியர் கையில்.

மார்த்தாண்டத்து யாபாரி போனில் சொன்னார்:
"சுத்தி எதுக்கு? பச்சையா உணக்கித் தாருங்க,
எடை நிக்கும்."

திங்கட்கிழமை
எப்போதும் முதலில் வருகிற அஜிதகுமாரி
ஷெட் வாசலிலேயே நின்றாள்.
"நான் இண்ணு சாக்கு தைக்கேன் அக்கா."
"கையில முறிவா?"
"இல்ல."
வாளியைப் பார்த்தாள்.
பார்த்த கண்ணை எடுத்துக்கொண்டாள்.

லீலாபாயின் கத்தி பலகையில் நின்றது.

இந்த வேரை முன்பு
யார் யாருக்கு அரைத்துக் கொடுத்தார்கள்,
எதை இறக்க என்று
அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும்.
கொடுத்தவர்கள் வைத்தியர்கள் அல்ல.
குடித்துச் செத்தவள் கல்லறையில்
தேதி மட்டும் இருக்கும்.

அஜிதாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
தக்கலை ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போய்
மூன்று தடவையும் ஒன்றும் சொல்லாமல் வந்தவள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
லீலாபாய் எழுந்து
பெஞ்சைத் தூக்கி வெளியே
அயினி மரத்தடியில் போட்டாள்,
காற்று இங்கிருந்து போகாத பக்கம்.
ஊசியும் சணலும் நான் கொண்டு கொடுத்தேன்.
வாங்கும்போது அவள் விரல்
என் கையுறையைத் தொடாமல் கவனமாய் வாங்கியது.
எனக்கும் அப்போதுதான் உறைத்தது,
கையுறையை உருவிக் குழிக்கருகே வைத்து
இரண்டு தடவை சோப்புப் போட்டேன்.

சாயங்காலம் யாபாரி மறுபடி விளித்தார்.
"கழுவக் கழுவ எடை குறையுமே."
குறையட்டும் என்றேன்.
வெளியே அஜிதா
தைத்த சாக்கையே பிரித்து
மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

அது ஐந்தாவது தண்ணீர்.
வெள்ளைப் பீங்கானில் கோரி
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.
கொட்டினேன்.