அடைப்பு

போர்ட்லாந்தில் மூன்றாம் நாளும் மழை.
'ஏழே நாளில் நஞ்சு நீக்கம்' என்று பலகை வைத்த
ஜூஸ் கடையில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது.

மண்டியிட்டு மூடியைத் திருகினார் டட்டில்.
செலரி நார், இஞ்சிச் சக்கை, பீட்ரூட் தோல்.
"இதைக் குடித்தால் எவ்வளவு நஞ்சு போகும்?"
கேலி இல்லாமல்தான் கேட்டார்.

"அளந்து பார்த்ததில்லை" என்றாள் கோரின்.
வெறும் சாற்றில் அவளுக்கு ஐந்தாம் நாள்.
பசியில் காதும் அடைத்திருந்தது;
கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது அவர் குரல்.

"எனக்குச் சிறுநீரகம் ஒன்றுதான்.
இன்னொன்று தம்பியிடம்.
பதினோரு வருடமாக அதுவே பார்த்துக்கொள்கிறது."

தண்ணீர் சுழன்று இறங்கியது.
கை கழுவி, டப்பாவைத் திறந்தார்:
மிளகு தூவிய முட்டை சாண்ட்விச்.

பலகையை அவள் எடுக்கவில்லை.
பாதி கேட்டாள்.