மேல்கல்லின் எடை

ஒசாகாவிலிருந்து வரைபடம் வந்தது.
ஒரு கல்லறைக்கு ஐந்து கல்.
சதுரம், அதன்மேல் உருண்டை,
நாலு பக்கமும் சரிந்த கூரை,
பாதியாய் வெட்டிய பூசணி,
உச்சியில் திறவாத மொட்டு.

கீழேயிருந்து படிக்கணும் என்றார் கஜபதி சார்.
நிலம், நீர், நெருப்பு, காற்று.
இதிலென்ன, நம்ம வரிசைதானே என்று
ஐந்தாவதை ஆகாயம் என்று போட்டேன்.
மறுநாள் திருத்தி வந்தது:
வானத்துக்கும் அதே எழுத்துதான்,
ஆனாலும் இங்கே
வெறுமை என்று வாசிக்கவும்.
கல்லுக்கு ஒன்றாய் வித்தெழுத்து செதுக்கவும்.
அடிக்கல்லின் எழுத்து மட்டும்
எனக்கு முன்பே தெரிந்திருந்தது: அ.

சேர்க்காட்டு வெயிலில்
நிலம் அறுபட ஒரு பகல் ஆனது.
நீரை மெருகேற்றத் தண்ணீர் தீர்ந்து
இரண்டாம் லாரிக்கு ஆள் அனுப்பினோம்.
நெருப்பு சுடவில்லை.
அதன் விளிம்பு சகிலாவின் கட்டைவிரலைக் கிழித்தது.
"காத்தைத் தூக்கணும், பெல்ட்டை இறுக்குடா" என்று
கிரேனிலிருந்து முனிரத்தினம் கத்தியபோது
ஷெட்டே சிரித்தது.

வெறுமைதான் இரண்டு தடவை.
முதலாவதில், கடைசி மெருகுக்கு அப்புறம்,
தலைமுடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு.
வெறுமையில் விரிசல் இருந்தால் என்ன
என்று கேட்க வாய் வந்தது.
கேட்கவில்லை.
யாருக்கோ அம்மாவோ அப்பாவோ அது.

பேக்கிங் லிஸ்ட்டில் ஐந்தாவது வரி:
வெறுமை, ஒன்று, எட்டு கிலோ இருநூறு.
சென்னைத் துறைமுகத்திலிருந்து போன்.
"எடை இருக்கே மேடம், அப்புறம் எப்படி வெறுமை?"

அண்ணே, நான் வேலூர்க்காரி.
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
அரசனில்லாத கோட்டை என்று
இல்லாததை எண்ணித்தான்
எங்கள் ஊருக்குப் பெருமை சொல்வார்கள்.
பெண்களைப் பற்றியும் ஒன்று உண்டு,
அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.
சாமியில்லாத கோயில் என்பார்கள்;
சாமி திரும்பி வந்து எத்தனையோ வருஷம்,
பழமொழிக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை.
எடை இருக்கிறது அண்ணே.
அப்படியே போடுங்கள்.

பெட்டி போய் மூன்று வாரம்.
விரிசல் விட்டது இங்கேயே கிடக்கிறது,
ஆபீஸ் கதவுக்கு முட்டாக.
ஆடிக் காற்று எவ்வளவு மோதியும்
கதவு சாத்திக்கொள்வதில்லை.
திறந்த வழியே வெறும் மலை.
அதன் அடியில் புழுதி கிளப்பிக்கொண்டு
தண்ணீர் லாரி வருகிறது.