கவர்னருக்கு ஒரு பலகை

பஞ்சிகாவத்தையில் ஒவ்வொரு பலகையாக
முகர்ந்துகொண்டு போகிறேன்.
"தங்கச்சி, இது மாம்பழக் கடை இல்ல"
என்கிறார் ஃபாயிஸ் நானா.
கட்டிலுக்கா, அலுமாரிக்கா?
ஓணானுக்கு.
சீவுளி தள்ளிய பெடியன்
கையை நிறுத்திவிட்டான்.

கம்பனியின் டேனிஷ்காரர் மாற்றலாகிப் போனபோது
பியோனுக்குக் கடிகாரம் கிடைத்தது,
எனக்கு இவர்.
பாலைவனத்துச் சாதி. பிறந்ததோ
இரத்மலானையில் யாரோ ஒருவரின் குளியலறையில்.
கோபம் வந்தால் தாடி கறுக்கும்,
அதனால் கவர்னர்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
ஒரு மூலை மத்தியானத் தார் றோட்டாகக் கொதிக்க வேணும்,
மறு மூலை ஆறிக் கிடக்க வேணும்.
இடையில் எங்கே நிற்பது என்பது
அவருடைய சொந்த விஷயம்.

நானா தேவதாரு ஒன்றை உருவித் தருகிறார்.
அப்பா, என்ன வாசம்!
கண்ணை மூடி இன்னொருமுறை இழுத்துவிட்டு
வேண்டாம் என்கிறேன்.
அந்த வாசம்தான் பிழை.
விளக்குச் சூட்டில் எண்ணெய் கசிந்து
ஒரு விரலளவு நுரையீரலுக்குள் போய் உட்காரும்.
பைனும் அப்படித்தான், கணுவெல்லாம் பிசின்.
பலா?
விலையைச் சொன்னார்.
அனுமதிக் கடிதக் கதையையும் சொன்னார்.
இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

எம்.டி.எஃப். மலிவு.
ஆனால் நான் வெள்ளவத்தையில்
கடலுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறேன்.
என் சமையலறைத் தட்டு இரண்டே மழையில்
தேத்தண்ணிக்குள் விழுந்த றஸ்க் ஆனது.

"சும்மா வேணுமெண்டா பின்னால கிடக்கு."
துறைமுகத்துத் தட்டுப்பலகைகள்.
இது நான் தினமும் கணக்கெழுதும் சாமான்,
இதன் பாஷை எனக்குத் தெரியும்.
பக்கவாட்டில் சுட்ட முத்திரையைத் தேடுகிறேன்.
எச்.டி. என்றால் சூடு காட்டியது,
எம்.பி. என்றால் விஷப்புகை குடித்தது.
ஒன்றில் எழுத்தே இல்லை.
திருப்புகிறேன், வெளிச்சத்தில் பிடிக்கிறேன்,
நகத்தால் சுரண்டுகிறேன்,
எங்கிருந்து வந்தாய், யார் அனுப்பினது, எத்தனை நாள் தங்கினாய்.

காலி வீதியில் ஒரு காலத்தில்
என் அடையாள அட்டையை இப்படித்தான் திருப்பினார்கள்.
பஸ் முழுக்கக் காத்திருந்தது.
பலகையைக் கீழே வைத்துவிட்டேன்.
எடுக்கவில்லை, அதுவும் உண்மை.
சந்தேகமானதை அவரோடு அடைத்துவைக்க ஏலாது.
ஆனால் எறியாமல்,
சுவரோடு சாய்த்து வைத்தேன்.

கடைசியில் பன்னிரண்டு மில்லி ப்ளைவூட்.
வாசமில்லை, அழகில்லை.
ஒரு தாள் நெடுக்கே, அடுத்தது குறுக்கே,
ஒன்று வளையப் பார்த்தால்
மற்றது விடாது.
ஆணியடிக்கக் கூடாதென்பது வீட்டுக்காரி செரஃபினின் சட்டம்,
பெட்டிக்கு அடித்தால் குற்றமா என்று கேட்கவில்லை.
பலகை ஓட்டோவின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்க,
மருதானைச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர்
எங்களுக்காகக் குனிந்து போனார்.

தண்ணீர் வார்னிஷ், மூன்று பூச்சு.
மூலைகளுக்கு சிலிக்கோன்.
பிறகு காத்திருப்பு.
தினமும் வேலைக்குப் போகுமுன்
பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சிழுப்பேன்.
எதிர்மாடிக்காரி இரண்டு நாள் பார்த்தாள்,
மூன்றாம் நாள் யன்னலைச் சாத்தினாள்.
ஒன்பதாம் நாள் ஒன்றும் மணக்கவில்லை,
என் தலையெண்ணெயைத் தவிர.

கவர்னரை இறக்கினேன்.
சூட்டு மூலைக்குப் போனார், படுத்தார்,
ஒரு கண்ணை மட்டும் மூடினார்.
அன்று பார்த்துக் கரண்ட் போனது.

டேனிஷ்காரரின் கண்ணாடித் தொட்டியாக இருந்தால்
அரை மணியில் குளிர்ந்திருக்கும்.
இருட்டில் கதவை நீக்கிக் கையை விட்டேன்.
பின்பலகையில் உள்ளங்கை பட்டது.
சூடு இருந்தது.
எட்டரைக்கும் இருந்தது.
ஒன்பதரைக்குப் பார்த்தபோதும் கொஞ்சம் இருந்தது,
அவருக்கு என் விரல்
வெட்டுக்கிளியாகத் தெரியும்வரை.