கோடோடிய பூவரசு

ஐஸ் கம்பெனிக்குப் பின்னால்
புயலில் சாய்ந்த பூவரசு
இரண்டு வாடைக்காலம் ஈரத்திலேயே கிடந்தது.
அடுப்புக்குக்கூட ஆகாது என்றார்கள்.
தள்ளுவண்டிக்கு எண்பது ரூபாய் கொடுத்து
தங்கச்சிமடம் மொத்தமும் வேடிக்கை பார்க்க
கொண்டுவந்து இறக்கினேன்.

அறுத்த பிறகுதான் தெரிந்தது.
வெளுத்த மரத்தில் கறுப்புக் கோடுகள்.
மை தொட்ட ஈர்க்கால் இழுத்தாற்போல
நடுங்கி, வளைந்து,
எங்கோ போய்த்
தன்னிடமே திரும்பி வரும் கோடுகள்.

லேத் பழசு.
ஊருக்கெல்லாம் கட்டில்கால் கடைந்தது.
இப்போது வயிறு பெருத்து வாய் சிறுத்த
ஜாடிகள் மட்டும் கடைகிறேன்.
இரண்டு விரல் நுழையும் வாய்.
அதன் வழியே கொக்கி உளியை விட்டு
வயிற்றைக் குடைய வேண்டும்.
கண்ணுக்கு உள்ளே வேலையில்லை.
காதுதான்.
தடித்த சுவர் தொம்மென்று பேசும்.
மெலிய மெலியக் குரல் ஏறும்.
நண்டு ஓட்டை நகத்தால் தட்டிய சத்தம் வந்தால்
அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.
மூன்று முறை நிறுத்தாமல் போயிருக்கிறேன்.
ஒன்று கன்னத்தில் இருக்கிறது, தழும்பாக.

உக்கிய இடம் உளிக்கு நிற்காது,
பஞ்சாய்ப் பிய்யும்.
சூப்பர் குளூ ஊற்றிவிட்டு
ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் காத்திருப்பேன்.
முகத்தில் துணி இரண்டு மடிப்பு.
அப்படியும் ராத்திரி தும்மினால்
கைக்குட்டையில் பழுப்பு.

பிரிஜிட்டா மனுவோடு வந்தாள்.
இன்னாசி யாழ்ப்பாணம் சிறைக்குப் போய்
நாற்பத்தொரு நாள்.
படகும் அங்கேதான், பாசி பிடித்து.
தெருத்தெருவாய்க் கையெழுத்து வாங்குகிறாள்.
நான் கை துடைக்கப் போன நேரத்தில்
ஜாடியை எடுத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இதுல என்னக்கா வைப்பாங்க?"
"ஒண்ணும் வைக்க முடியாது. தண்ணி ஊத்துனா ஊறிப்போகும்."
"அப்புறம் எதுக்கு?"

மோட்டாரை அணைத்தேன்.
அதுவே பதில் மாதிரி இருந்தது அந்த நேரத்துக்கு.

நகத்தால் ஒரு கோட்டைத் தொட்டுத்
தொடர்ந்துகொண்டே போனாள்.
"யாரு வரைஞ்சது?"
"பூஞ்சை. ஒரே மரத்துக்குள்ள ரெண்டு வகை.
இங்கிட்டு வராதேன்னு
ஒண்ணுக்கு ஒண்ணு எழுப்புன சுவரு."
"எது செயிச்சுச்சு?"
"மரத்தைக் காயப்போட்டேன்.
ரெண்டும் செத்துருச்சு."

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
நகம் ஓரிடத்தில் நின்றிருந்தது.
அங்கே இரண்டு கோடுகள் ஒட்டி ஓட
நடுவில் நெல் அகலத்துக்கு வெள்ளை.
கறையே படாத மரம்.
"இந்த இடம் யாரோடது?"

எனக்குத் தெரியவில்லை.
அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
"ஜிபிஎஸ்ல செவப்பாக் காட்டுமாம்.
தண்ணியில தேடுனா
ஒண்ணும் இருக்காதுன்னு சொல்வாரு."

கையெழுத்துப் போட்டேன்.
என் பெயரின்மேல் மரத்தூள் ஒட்டிக்கொண்டது.
ஊதினாள். போகவில்லை.
அப்படியே மடித்து
இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்,
குடையை மறந்து.

கட்டை ஒன்பது கிலோ.
ஜாடி இருநூற்றுப் பத்து கிராம்.
மீதியெல்லாம் காலடியில்,
வெள்ளையும் கறுப்பும் கலந்து.
கூட்டி அள்ளும்போது
எது எந்தப் பக்கத்துத் தூள் என்று
பிரிக்க வழியில்லை.

ராமேஸ்வரத்துக் கடைக்காரர்
இன்னும் ஆறு கேட்டிருக்கிறார்.
கோடு நிறைய இருந்தால்
விலை கூடப் போடலாமாம்.

கொல்லையில் அடுத்த கட்டை
ஈரச்சாக்குக்குள் படுத்திருக்கிறது.
அது காயவில்லை. காயவிடவில்லை.
உள்ளே இருட்டில்
இன்னும் இழுத்துக்கொண்டிருக்கின்றன.
சாயந்தரம் அதற்குத் தண்ணீர் தெளிக்கும் நேரம்.
செம்பை எடுத்துக்கொண்டு போனேன்.
கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தேன்.