அறுபதில் நான்கு

வெண்டல் க்ராஸுக்கு வயது முப்பத்துநான்கு.
எனக்கு இருபத்தொன்பது.
அவனுக்கு நான் கோச் என்பதில்
இருவருக்குமே கொஞ்சம் கூச்சம்.
அதைப் பற்றிப் பேசுவதில்லை.

டொலீடோவில் நவம்பர்.
ஏரிக்காற்று மைதானத்துப் புல்லை
ஒரே பக்கமாக வாரிவிடுகிறது.

ஒரு நாள் பயிற்சியில் அறுபது ஆட்டம்.
ஐம்பத்தாறு கார்வின் டேட்டுக்கு.
அவன்தான் எங்கள் குவார்ட்டர்பேக்.
ஊரே அவன் முழங்காலுக்காக வேண்டிக்கொள்கிறது.
மிச்சம் நான்கு, வெண்டலுக்கு.
நான்கை வைத்துக்கொண்டு
ஒரு ஆளை எப்படித் தயாராக வைப்பது?

ஆகவே திருடுகிறோம்.

கார்வினுக்குப் பத்து யார்டு பின்னால்
வெறுங்கையோடு அவனை நிற்கவைத்தேன்.
அங்கே பந்து கைக்கு வந்ததும்
இங்கே மூன்று எட்டு பின்வாங்கு,
இடது தோளைத் திருப்பு, பார்,
இல்லாததை எறி.
முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள்,
தண்ணீர் கொண்டுவரும் பையன் உட்பட.
வெண்டலும் சிரித்தான்.
சிரித்துக்கொண்டே எறிந்தான்.

வியாழக்கிழமை அவன் எங்கள் எதிரி.
ஞாயிறன்று யாரோடு மோதப்போகிறோமோ
அவனுடைய நடை, அவனுடைய குரல்,
எறியுமுன் பந்தை இருமுறை தட்டும்
அவனுடைய கெட்ட பழக்கம்.
இந்தப் பருவத்தில் ஒன்பது பேராக இருந்துவிட்டான்.
ஒருவன் இடக்கைக்காரன்.
வெண்டலும் இடக்கையால் எறிந்தான்;
அடிபட்ட வாத்துபோலத் தள்ளாடிப் போய்
சரியான ஆளின் மார்பில் விழுந்தது.

இரவு பதினொன்றுக்குச் செய்தி அனுப்புவேன்:
மூன்றாம் டவுன். எட்டு யார்டு. பந்து வலது ஓரத்தில்.
பின்காவலன் நடுவுக்கு நகர்ந்துவிட்டான். யாருக்கு?
நொடியில் ஒரு பெயர் வரும்.
ஒருநாள் நான்கு நிமிடம் ஆனது.
"மன்னிக்கவும், மகளுக்குக் காய்ச்சல். ஓசேயிக்கு, ஓரமாக."
பதில் சரி.
அந்த மன்னிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒப்புக்குச் சப்பாணி என்று நினைப்பார்கள்,
தொப்பியும் அட்டையும் பேனாவுமாக
கோட்டுக்கு வெளியே நிற்பவனை.
சலவை அறை மார்லீனிடம் கேட்டேன்,
களமிறங்காதவன் சட்டையை ஏன் துவைக்கிறாய் என்று.
"மோந்து பாரேன்," என்றாள்.
மோந்து பார்த்தேன்.
கார்வினுடையதைவிட நனைந்திருந்தது.

பத்தாவது போட்டி, மூன்றாம் பகுதி.
கார்வினின் ஹெல்மெட் கழன்று உருண்டது.
காயமில்லை. ஆனால் விதி விதிதான்:
ஒரு ஆட்டம் வெளியே நிற்க வேண்டும்.
ஒரே ஒரு ஆட்டம்.

வெண்டல் ஓடினான்.
அவன் ஹெல்மெட்டுக்குள் என் குரல் இருந்தது.
பதினைந்து நொடி மிச்சமிருக்கையில்
அதையும் துண்டித்துவிடுவார்கள்.
அதற்குள் ஆட்டத்தின் பெயரைச் சொன்னேன்.
வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அறுந்துபோயிற்று.

பந்தை வாங்கினான்.
பக்கத்தில் ஓடியவனின் வயிற்றில் வைத்தான்.
அவ்வளவுதான் அவன் வேலை.
மூன்று யார்டு.
அரங்கில் யாரும் எழுந்திருக்கவில்லை.
பாதிப்பேர் சூடான சாக்லேட் வரிசையில்.

திங்கட்கிழமை வீடியோவை
பதினோரு முறை ஓட்டிப் பார்த்தேன்.
பந்தைக் கொடுத்த பிறகும் அவன் நிற்கவில்லை.
வெறுங்கையோடு மூன்று எட்டு பின்வாங்கி
இடது தோளைத் திருப்பி, பார்த்து,
இல்லாததை எறியக் கையை ஓங்குகிறான்.
எதிரணியில் ஐம்பத்திரண்டாம் எண்காரன்
அரை நொடி அதை நம்புகிறான்.
தலை திரும்புகிறது.
அந்த அரை நொடியின் இடுக்கில்தான்
எங்கள் மூன்று யார்டு.

இதை வெண்டலிடம் சொன்னேன்.
"தோள் கொஞ்சம் தாமதம்," என்றான்.
உண்மைதான், தாமதம்தான்.

இன்னொன்றும் வீடியோவில் இருந்தது, ஓரத்தில், மங்கலாக.
கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும்
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
அட்டையை வாங்கிக்கொள்கிறான்.
தன் ஆட்டத்தைத் தானே குறிக்கப் போகிறான்.
பேனா குளிரில் உறைந்திருக்கிறது.
உதறுகிறான். எழுதவில்லை.
முகக்கம்பிகளுக்கு இடையே அதை நுழைத்து
வாயருகே வைத்து ஊதுகிறான்,
கண்ணை மட்டும்
களத்திலிருந்து எடுக்காமல்.